இந்த மாதம் வேதபாடம் என் முறை

பசுமலை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். நாங்கள் எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, காலையில் நடக்கச் சொன்னால்தான் ஏதாவது சாக்குச் சொல்கிறார். போனில் நாம் இப்போதெல்லாம் இரண்டு நிமிஷத்தைத் தாண்டுவதில்லை. "சாப்பிட்டியா", "ஆச்சும்மா", "வேலை எப்படி", "போகுது", அதோடு சரி. எழுதினால் கடைசிவரை படிப்பாய் என்று தெரியும். சின்னதிலிருந்தே கையில் எடுத்த காகிதத்தைப் பாதியில் வைத்தவன் இல்லை நீ.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இந்த மாதம் வேதபாடம் என் முறை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் என்பதால் செயலாளர் அம்மா தலைப்பையும் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தேவகோபம். வாங்கிப் பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. நம் வீட்டில் வசனம் தெரிந்தவன் நீ. ஓய்வுநாள் பள்ளியில் 103-ம் சங்கீதத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்து நீ பரிசாக வாங்கி வந்த எவர்சில்வர் தட்டில்தான் அப்பா இன்றைக்கும் சாப்பிடுகிறார். வேறு தட்டு வைத்தால் மாற்றச் சொல்கிறார். அதனால் நான் எடுத்து வைத்திருக்கும் குறிப்பை உனக்கு எழுதுகிறேன். தப்பு இருந்தால் சொல்லு. கிறிஸ்துமஸ் அன்றைக்குச் சாப்பாட்டில் நடந்ததைப் பற்றி நான் எழுத வரவில்லை.

சங்கத்தில் பாதிப் பேர் என்ன சொல்வார்கள் என்று இப்போதே தெரியும். கோபமெல்லாம் பழைய ஏற்பாட்டோடு முடிந்தது, புதிய ஏற்பாட்டில் அன்புதான் என்பார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் கூட்டம் சீக்கிரம் முடியும், ஆனால் அது சரியில்லை. 2-ம் நூற்றாண்டிலேயே மார்சியோன் என்று ஒருவர் ரோமாபுரியில் இதைப் போதித்தார். பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, இயேசுவின் பிதா வேறு என்றார். சபை அவரை விலக்கியது. இயேசுவே கோபப்பட்டிருக்கிறாரே தம்பி. மாற்கு 3-ம் அதிகாரத்தில் சூம்பின கையுடைய ஒருவன் ஜெப ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஓய்வுநாளில் இவனைச் சொஸ்தமாக்குவாரா, குற்றம் பிடிக்கலாமா என்று சுற்றியிருப்பவர்கள் காத்திருக்கிறார்கள். அந்த மனுஷனுடைய கை அவர்களுக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். அப்போதுதான் அவர் அவர்களுடைய இருதய கடினத்துக்காக விசனப்பட்டு, கோபத்தோடு சுற்றிலும் பார்த்தார். விசனமும் கோபமும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. கோபப் பார்வை சுற்றியிருந்தவர்கள் மேல் போனது. கை சூம்பினவனைப் பார்த்து அவர் சொன்னது எழுந்து நடுவே நில், கையை நீட்டு என்று மட்டும்தான்.

எனக்கும் கோபமே வராத தேவன் வேண்டாம். 1997-ல் மேலூர் பக்கம் மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்களே. தேர்தலில் நின்று ஜெயித்தது ஒன்றுதான் அவர்கள் செய்தது. மேலூர் நமக்கு எவ்வளவு தூரம்? அதைப் பார்த்தும் பரலோகத்தில் ஒருவருக்கும் கோபம் வரவில்லை என்றால் நான் யாரிடம் போய் ஜெபம் பண்ணுவேன்? யாத்திராகமம் 22-ல் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்காதே, ஒடுக்கினால் என் கோபம் மூளும் என்கிறார். ஏழையை ஒரு ஜோடு செருப்புக்கு விற்றவர்களைப் பார்த்து ஆமோஸ் கத்துகிறான். இப்படி ஒவ்வோர் இடமாகப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். அநேக இடங்களில் அவர் கோபப்படும்போது பக்கத்தில் யாரோ அடிபட்டுக் கிடக்கிறார்கள். அடித்தவன்மேல்தான் கோபம் வருகிறது. எல்லா இடமும் இப்படி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உடன்படிக்கைப் பெட்டி சாயாமல் பிடித்த ஊசா செத்துப்போனான், அங்கே தாவீதே விசனப்பட்டு நின்றான். அந்த இடத்தைச் சங்கத்தில் பூசி மெழுகப் போவதில்லை.

ரோமர் 1-ம் அதிகாரத்தை நீ மனப்பாடமாகவே சொல்வாய். வானத்திலிருந்து வெளிப்படும் தேவகோபம். அதை விளக்கும்போது பவுல் இடியும் நெருப்பும் எழுதவில்லை. "ஒப்புக்கொடுத்தார்" என்று மூன்று தடவை எழுதுகிறார். மனுஷன் எதைப் பிடிவாதமாகக் கேட்டானோ அதன் கையிலேயே அவனை விட்டுவிடுவது. அது எவ்வளவு பயங்கரம் என்று குடித்தே அழிந்த உன் பெரிய மாமாவைப் பார்த்த நமக்குத் தெரியும். ஆனால் பிரசங்கம் பண்ணுகிறவர்கள் அந்த அதிகாரத்தின் கடைசியில் புஸ்தகத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த வசனம், 2-ம் அதிகாரம் முதல் வசனம்: "ஆகையால், மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை." உன் ஜெபக்கூட்டத்தில் இதையும் சேர்த்து வாசிக்கிறார்களா தம்பி? குத்திக்காட்டக் கேட்கவில்லை. வாசிக்கிறார்கள் என்றால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து வெறும் டீயோடு படுத்துவிடாதே.

அப்புறம் அந்த மூன்றாம் நான்காம் தலைமுறை வசனம். யாத்திராகமம் 20:5. கிறிஸ்துமஸ் அன்றைக்கு நீ சொன்னது அதுதான். சரி, சொல்லிவிட்டேன், இனி மறைத்து எழுதி என்ன. அந்த வசனம் "என்னைப் பகைக்கிறவர்களை"க் குறித்து என்று சொல்கிறது. அதே மூச்சில் ஆயிரம் தலைமுறைமட்டும் இரக்கம் செய்கிறவர் என்றும் சொல்கிறது. மூன்று நான்கு எங்கே, ஆயிரம் எங்கே. அந்த மூன்றாம் நான்காம் தலைமுறையை வைத்துக்கொண்டு ஜனங்கள் பழமொழி பேச ஆரம்பித்தார்கள், அப்பன் திராட்சக்காய் தின்றான், பிள்ளைக்குப் பல் கூசுகிறது என்று. எசேக்கியேல் 18-ல் தேவனே வந்து, இனி இஸ்ரவேலில் இந்தப் பழமொழியைச் சொல்லவே கூடாது என்கிறார். "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை." பிறவிக் குருடனைக் காட்டி இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் இல்லை என்றார். உனக்குத் தெரியாத வசனமா இது? நான் உனக்குச் சொல்லித்தந்த வசனம்.

2004 சுனாமியும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள்தான், ஞாயிற்றுக்கிழமை காலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். வேளாங்கண்ணிக்குக் கும்பிடப் போனவர்களையும் கடல் கொண்டுபோனது. அதற்கப்புறம் வந்த ஒரு கூட்டத்தில் இது தேவகோபம் என்று ஒருவர் மைக்கில் சொன்னபோது உன் அப்பா எழுந்து வெளியே போனார், ஞாபகம் இருக்கிறதா? நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனாய். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ, அப்படியல்ல என்று இயேசு சொன்னார். மனந்திரும்புங்கள் என்றும் சொன்னார்தான். அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார். செத்தவர்களுடைய வீட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை.

உன் தங்கச்சி சின்னவளைப் பற்றி நான் எழுதாமல் இருந்தால் இந்தக் கடிதமே பொய். எதிர்வீட்டு அக்கா நல்ல மனுஷி, காது கேட்காத அவள் பாப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஒருநாள் சின்னவளிடம், "உங்க தாத்தா குலதெய்வத்தை விட்டுட்டு வேதத்துல சேர்ந்தாரே, அந்தச் சாமி குத்தமா இருக்குமோ, ஒரு கிடா வெட்டிப் பாரேன்" என்று வாஞ்சையாகச் சொல்லியிருக்கிறார்கள். அவள் சிரித்துவிட்டு வந்துவிட்டாள். அதை அவளால் தாங்க முடிந்தது. நீ சொன்னதைத் தாங்க முடியவில்லை. மறைவான பாவம் இருக்கிறது, அறிக்கை செய்தால்தான் கோபம் நீங்கும் என்று அண்ணன் வாயால், பிள்ளை மடியில் இருக்கும்போது கேட்டாள். எழுந்துபோய்க் கழுவி வைத்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். நம் ஆட்கள் சாமியை மாற்றினார்கள், பயத்தை மாற்றவில்லையோ என்று அன்றைக்கு ராத்திரி எனக்குத் தோன்றியது.

நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பொங்கல் கழிந்து பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்ததால் நமக்குச் செலவில்லை, இல்லையென்றால் லட்சக்கணக்கில் ஆகியிருக்கும். புண் ஆறினபிறகு காதுக்கு வெளி மிஷினை மாட்டி ஓடவிட்டார்கள். இப்போது பேச்சுப் பயிற்சி. சின்னவள் பாப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள், முகம் தெரியக்கூடாது. ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்று ஒவ்வொரு சத்தமாகச் சொல்வாள். சத்தம் கேட்டால் பாப்பா கையிலிருக்கும் பாசியை டப்பாவில் போட வேண்டும். பாசியைக் கன்னத்தருகில் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு காத்திருக்கும். போன செவ்வாய்க்கிழமை "ம்" என்றதும் டக்கென்று போட்டது. "ஸ்" இன்னும் பிடிபடவில்லை. தினமும் காலையும் சாயங்காலமும் இதே வேலை. அலுத்துக்கொள்ளாமல் செய்கிறாள் உன் தங்கச்சி.

இயேசுவும் ஒரு செவிடனைப் பார்த்தார், மாற்கு 7-ல். ஜனக்கூட்டத்திலிருந்து அவனைத் தனியே அழைத்துக்கொண்டு போனார், காதில் விரலை வைத்தார், வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். யார் பாவம் என்று அங்கே பேச்சே இல்லை. செவிடனை நிந்திக்காதே என்று லேவியராகமம் 19-ல் கட்டளையே இருக்கிறது, அதுவும் "உன் தேவனுக்குப் பயந்திருப்பாயாக" என்று சேர்த்து. தேவனுக்குப் பயப்படுகிற பிள்ளையாகத்தானே உன்னை வளர்த்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். வேலைக்குப் போன ஊரில் கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லாமல் ஜெபத்தைத் தேடிப் போகிறாய், எத்தனை தாய்க்கு அது கிடைக்கும்.

சிலுவை என்னாச்சு, பாவத்தின்மேல் வந்த கோபம் அங்கேதானே இறங்கியது என்று நீ கேட்பாய். ஆமாம். பெரிய வெள்ளி தியானத்தில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற வார்த்தை வரும்போது எனக்கு இன்றும் உடம்பு நடுங்கும். ஆனால் கோபக்காரப் பிதா ஒருபக்கம், அடி வாங்குகிற குமாரன் மறுபக்கம் என்று இரண்டாகப் பிரிக்காதே. தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று 2 கொரிந்தியர் 5-ல் இருக்கிறது. அந்தக் கோபத்தின் பாத்திரத்தைத் தாமே எடுத்துக் குடித்தார். குடித்து முடித்ததில் மிச்சம் வைத்து, இரண்டு வயதுக் குழந்தையின் காதில் ஊற்றுவாரா தம்பி? அவர் மனப்பூர்வமாய் ஒருவரையும் சஞ்சலப்படுத்துகிறதில்லை என்று எரேமியா சாம்பலில் உட்கார்ந்து எழுதினான், புலம்பல் 3-ல்.

நான் பாடத்தை முடிக்கப் போவது யோபுவில். அவனுடைய சிநேகிதர்கள் வந்து ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்லவர்கள்தான். அப்புறம் வாயைத் திறந்தார்கள். உன் பிள்ளைகள் செத்தது பாவத்தால், அறிக்கை செய், தேவன் நீதியுள்ளவர் என்றார்கள். எல்லாம் தேவனுக்காகப் பரிந்து பேசின பேச்சு. கடைசி அதிகாரத்தில் கர்த்தர் எலிப்பாஸைப் பார்த்து, "உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம் மூளுகிறது" என்கிறார். அந்தப் புஸ்தகத்தில் கடைசியில் கோபம் வந்தது யார்மேல் என்று பார். சாம்பலில் உட்கார்ந்து தேவனோடு சண்டை போட்டவன்மேல் வரவில்லை.

அந்தக் கோபம் எப்படித் தீர்ந்தது என்பதும் அங்கேயே இருக்கிறது. எலிப்பாஸ் யோபுவிடம் போக வேண்டும். யோபு அவனுக்காக வேண்டுதல் செய்ய வேண்டும். தன் வீட்டில் இருந்துகொண்டு எலிப்பாஸ் எவ்வளவு ஜெபித்திருந்தாலும் போதாது. போனான், யோபுவும் ஜெபித்தான், கர்த்தர் கேட்டார்.

சின்னவள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசவில்லை. உன் போட்டோவைக் காட்டி "மாமா" என்று பாப்பாவுக்குச் சொல்லித்தருகிறாள். "மா" அதற்கு நன்றாகக் கேட்கிறது.

ஈஸ்டருக்கு லீவு கிடைக்காவிட்டாலும் ஒரு சனிக்கிழமை வந்துவிட்டுப் போ. வைகையில் ஏறினால் ராத்திரிக்குள் மதுரை, அப்பா ஸ்டேஷனுக்கு வருவார். வரும்போது அவளுக்கு வசனம் எதுவும் எடுத்துக்கொண்டு வராதே. பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாசி டப்பாவைப் பிடித்துக்கொள், போதும். மிஷினுக்குப் பேட்டரி அங்கே விலை குறைவாகக் கிடைக்குமா என்று விசாரித்து வை. இங்கே சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

தலைக்கு எண்ணெய் வை. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா