சுரைப்பூவுக்கு டார்ச் அடித்த கதை

குரோம்பேட்டை,
27 அக்டோபர்

அன்புள்ள மணி,

நலம். நீயும் மங்களமும் நலமா? முழங்காலுக்கு அந்தத் தைலத்தையே இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறாயா, இல்லை டாக்டரிடம் போனாயா? போகவில்லை என்று எனக்குத் தெரியும். சரி.

ஆடி மாதம் நீ போன் செய்தாயே, அதற்கப்புறம் நான் கூப்பிடவே இல்லை. காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலில் வைத்துவிட்டு உன் பாட்டுக்கு முறுக்கு கடிப்பாய். நான் சொல்வதை மங்களமும் எதிர்வீட்டுக்காரரும்தான் கேட்பார்கள். அதனால் கடிதம். முதலில் சுரைக்காய்.

பொங்கலுக்கு உங்கள் ஊர் வீட்டைத் திறந்தோமே, அப்போது பரணில் புகை படிந்து தொங்கிய சுரைக்குடுக்கையைக் குலுக்கிப் பார்த்துவிட்டு எடுத்து வந்தேன் இல்லையா? "மெட்ராஸ்காரனுக்கு ஓட்டைக் குடுக்கை" என்று நீகூடச் சிரித்தாய். அதை உடைத்ததில் நிறைய விதை இருந்தது. பெரும்பாலும் பூச்சி அரித்தது. தேறிய பதினொன்றை ராத்திரி ஊற வைத்து, ஆடிப்பெருக்கன்று காலையில் ஊன்றினேன். இரண்டு முளைத்தன. உங்கள் அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது, குடுக்கை அதற்கும் முந்தியது. இரண்டு வந்ததே பெரிதுதான். கடையில் வாங்கிய பாக்கெட் விதை பத்துக்குப் பத்து முளைத்ததை நான் வசந்தாவிடம் சொல்லவில்லை.

மாடித்தோட்டம் என்றால் என்னவோ பூவாளியைச் சாய்த்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பது என்று நினைத்திருந்தேன். மணி, இரண்டாவது மாடிக்கு மேலே மொட்டை மாடி, எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்த்தூள் மூன்றையும் சரிக்குச் சரி கலந்து பையில் நிரப்பச் சொன்னார்கள். செம்மண்ணைச் சுமந்ததில் எனக்கு உன் முழங்கால் வந்தது. அப்புறம் அந்த நார்த்தூள் கட்டியை ஊறப் போட்டு, உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டுமாம். யார் அலசினார்கள்? முதல் தவணைக் கத்தரி நாற்று அத்தனையும் இலை ஓரம் கருகி நின்றது. யூடியூபைப் பார்த்துப் பார்த்து நான் செய்ததையெல்லாம் வசந்தா பார்த்துவிட்டு, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்" என்றாள். அதிலிருந்து வீட்டில் எனக்குப் பெயரே ஏட்டுச் சுரைக்காய்தான். பேரன் வரைக்கும் பரவிவிட்டது.

செடிக்கு உரமாக ஊற்றும் மீன் அமிலக் கதை உன் காதுக்கு எட்டியதா? சேகர் சொல்லியிருப்பான், ஆனால் அவன் பாதியை விட்டுவிட்டு மீதியைப் பெருக்கியிருப்பான். ஒரு கிலோ மீன் கழிவுக்கு ஒரு கிலோ வெல்லம், மூன்று வாரம் மூடி வைத்தால் பழ வாசனை வரும் என்று படித்தேன். மீன் கடையில் தலையும் குடலும் சும்மாவே கொடுத்தார்கள். வெல்லத்துக்குத்தான் காசு. நான் அரைக் கிலோவோடு நிறுத்திக்கொண்டேன். நம் கணக்குதான் உனக்குத் தெரியுமே, நமக்குக் கணக்கு வராது என்று பள்ளிக்கூடத்தில் பூசணி சார் சொன்னது பொய்யாகுமா? வெல்லம் குறைந்தால் அது புளிக்காது, அழுகும். போதாக்குறைக்கு வாளியை இறுக மூடி வெயிலில் வேறு வைத்துவிட்டேன். புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை, உச்சிப் பொழுது. கீழே எங்கள் அசோசியேஷன் செயலாளர் வீட்டில் பெருமாளுக்குத் தளிகை போட்டு, மாவிளக்கு ஏற்றி, "கோவிந்தா" என்று குரல் எழுப்புகிறார்கள். மேலே "டமார்". மூடி பறந்து தண்ணீர்த் தொட்டி மேல் விழுந்தது. அந்த நாற்றம் மாடிப்படி வழியாக இறங்கிப் பூஜையறைக்குள் போன வேகத்தில் ரேஷன் கடை வரிசைகூட நகர்ந்ததில்லை. சாயங்காலத்துக்குள் தெருப் பூனை எல்லாம் மொட்டை மாடியில் பொதுக்குழு கூட்டிவிட்டன. வாளியை முனையில் இருக்கும் காலி மனையில் பள்ளம் தோண்டிப் புதைத்தேன், இருட்டில், ஏதோ கொலை செய்தவன் மாதிரி. செயலாளர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாதது நிம்மதியாகத்தான் இருந்தது, ஆனால் இப்போது அவரிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

சுரைக்கு வருவோம். கொடி என்னவோ ஜம்மென்று படர்ந்தது. பந்தலுக்குப் பழைய கேபிள் கம்பி. புரட்டாசி பிறந்ததும் பூ வந்தது. வெள்ளை வெளேரென்று, நீளக் காம்பில். எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டேன். அத்தனையும் ஆண் பூ! பத்து நாள் வரைக்கும் ஒரு பிஞ்சுகூடக் கிடையாது. அப்புறம் பெண் பூக்கள் வந்தன. பூவுக்கு அடியில் குட்டிச் சுரைக்காய் ஒட்டிக்கொண்டிருக்கும், பால் மயிரோடு, பார்க்கவே ஆசையாக இருக்கும். ஒன்று வந்தது, மஞ்சளாகி விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கையால் தொடாமல் இரண்டு நாள் காவல் இருந்தேன். அதுவும் போயிற்று.

உரம் போதவில்லை என்று நினைத்து நான் சாணக் கரைசலாக ஊற்றிக்கொண்டிருக்க, பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. சுரைப்பூ இருட்டுகிற நேரத்தில் விரிகிற பூ. மறுநாள் வெயில் ஏறினால் வாடிவிடும். அந்திப்பூச்சி வந்து தேன் குடித்தால்தான் மகரந்தம் இடம் மாறும். உங்கள் கொல்லையில் இதையெல்லாம் யார் கவனித்தோம்? அங்கே அத்தனை பூச்சியும் இருந்தன. இங்கே மூன்று பக்கமும் அடுக்குமாடி, விடிய விடிய லைட்டு. எந்தப் பூச்சி இவ்வளவு உயரம் ஏறி என் ஒரு பூவைத் தேடி வரும்?

ஆக, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம் எல்லாம் நானே. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவ வேண்டும். நான் ஸ்டூல் மேல் நின்று தடவிக்கொண்டிருந்தபோது பின்கட்டடத்துப் பையன் "திருடன்! திருடன்!" என்று கத்திவிட்டான். நாலு ஜன்னல் திறந்தது. வாயில் டார்ச், என்ன பதில் சொல்ல? வசந்தாதான் கீழேயிருந்து கத்தினாள்: "திருடன் இல்லப்பா, எங்க வீட்டு ஏட்டுச் சுரைக்காய்!"

பிஞ்சு நின்றுவிட்டது மணி. நாலாவது நாளே தெரிந்தது, காம்பு தடித்துப் பச்சையாகப் பளபளத்தது. இன்றைக்குப் பத்தொன்பதாவது நாள். உங்கள் வீட்டுக் குண்டுச் சுரையேதான், கழுத்து குறுகி வயிறு பெருத்து, நம் ஹெட்மாஸ்டர் மாதிரி. மழை ஆரம்பித்துவிட்டதால் கனம் தாங்கக் காயை வெங்காயப் பைக்குள் விட்டுப் பந்தலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வசந்தா தினமும் வந்து நகம் இறங்குகிறதா என்று பார்க்கிறாள். இன்னும் இரண்டு நாளில் முற்றிவிடும், அதற்குள் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைக்கலாம் என்கிறாள். நான் விதைக்கு விடலாம் என்கிறேன். விதைக்கென்றால் ஓடு காய்ந்து கெட்டியாகும் வரைக்கும், அதாவது தை வரைக்கும், கொடியிலேயே கிடக்க வேண்டும். ஒரே காய், அதையும் தின்னக்கூடாது என்றால் இத்தனை மண்ணை எதற்குச் சுமந்தீர்கள் என்று அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பேச்சுவார்த்தை நடக்கிறது.

இப்போது ஆடி மாதப் போன். ஊர் வீட்டை முடித்துவிட்டேன், அட்வான்ஸ் வாங்கியாயிற்று, தையில் பத்திரப்பதிவு என்றாய். நான் என்ன கேட்டேன்? "நல்ல விலையா?" என்று கேட்டேன். நீ விலையைச் சொன்னாய். நான் "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு, குக்கர் விசில் அடிக்கிறது என்று போனை வைத்தேன். குக்கரெல்லாம் ஒன்றும் அடிக்கவில்லை.

1996-ல் எங்கள் வீட்டை விற்றபோது சாட்சிக் கையெழுத்துப் போட நீ வந்தாய். அன்றைக்கு முழுக்க நீ ஒரு வார்த்தை பேசவில்லை. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் காபி வாங்கிக் கொடுத்தாய், எனக்கு அதிகமாகச் சர்க்கரை போடச் சொன்னாய், அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. உன் முறை வந்தபோது நான் விலை விசாரித்திருக்கிறேன். ஸ்டூல் மேல் நின்று அம்மாவின் விதையில் வந்த பூவைத் தொடும்போதுதான் அது உறைத்தது.

விற்காதே என்று சொல்ல நான் யார்? உன் பையன் துபாயிலிருந்து வந்து கூரையில் ஓடு மாற்றப்போவதில்லை. நீயும் மாதம் ஒருமுறை போய்ப் பூட்டைத் திறந்து, கரையான் தட்டி, பூட்டிவிட்டு வருகிறாய். விற்பதுதான் சரி. ஆனால் எங்கள் வீட்டைக் கொடுத்தபோது நான் பித்தளைச் சாமான் எல்லாம் எடுத்துக்கொண்டேனே தவிர, கிணற்றடிப் பவழமல்லியில் ஒரு கிளைகூட ஒடித்து வரவில்லை. வாங்கினவர் முதல் வேலையாக அதைத்தான் வெட்டினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, கார் நிறுத்த இடம் வேண்டாமா?

அதனால் தை வரைக்கும் காத்திருக்காதே. கொல்லை முருங்கையில் கை மொத்தத்தில் மூன்றடி நீளத்துக்கு இரண்டு போத்து வெட்டு. செடிமுருங்கை விதை இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும், எனக்கு வேண்டியது அந்த மரம். கறிவேப்பிலைக்கு அடியில் வேர்விட்டு வந்த கன்றுகள் நிற்கும், மண்ணோடு இரண்டு பெயர்த்துச் சாக்கில் கட்டு. எலுமிச்சையை விடு, அது காய்த்ததே இல்லை. முருங்கை நட எங்கள் காம்பவுண்டில் மோட்டார் ரூம் பக்கம் இடம் இருக்கிறது. அதற்குத்தான் செயலாளரின் தயவு வேண்டும். தீபாவளிக்கு ஒரு கிலோ மிக்சர் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிரித்தார், பாதி வழிக்கு வந்துவிட்டார். வசந்தாதான், முருங்கை நட்டால் வெறுங்கையோடு நடப்போம் என்று பழமொழி சொல்லிப் பயமுறுத்துகிறாள். அது கைத்தடி இல்லாமல் நடப்பதைச் சொன்னது என்றேன். "அப்போ உங்க மணி அண்ணன் ஏன் தடி வச்சிருக்கார்?" என்றாள். நட்டது அம்மா, நீ தின்றவன்தானே என்று சமாளித்தேன்.

உழவன் எக்ஸ்பிரஸில் வா. தாம்பரத்தில் இறங்கு, விடியற்காலையில் ஆட்டோவோடு நிற்கிறேன். கீழ்ப் படுக்கையாகப் பார்த்துப் போடு. போத்தின் மேல் முனையில் சாணத்தை அப்பிவிடு, காயாமல் இருக்கும். எது மேல், எது கீழ் என்று ஒரு கயிறு கட்டி அடையாளம் வை. போன தடவை வாழைக்கன்று கொண்டுவந்த லட்சணம் எனக்கு மறக்கவில்லை.

மங்களத்தையும் கூட்டி வா. கூட்டா, விதையா என்பதை அவள் வந்து தீர்த்து வைக்கட்டும்.

உன்,
சேது