வன்னியில் கொம்பியூட்டர் பூட்டித் தரும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வவுனியா டவுனில் இருந்து கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு வரைக்கும் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் முதலாளிமாருக்கும் வணக்கம். உங்களோடு சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. சாமான் வாங்கி வீட்டில் தாங்களே பூட்டப் போகிற பெடியளும், உங்களிடமே பூட்டுவித்து எடுக்கிற ஆக்களும் கொட்டேஷன் துண்டைக் கொண்டுவந்து 'இது சரியோ' என்று என்னிடம் கேட்கிறார்கள். எந்தக் கடைத் துண்டாக இருந்தாலும் பவர் சப்ளை என்ற ஒரே வரியில்தான் நான் முட்டுப்படுகிறேன். சரி, நேராக உங்களிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

புரொசசர் என்றால் எத்தனையாவது தலைமுறை, மாடல் இலக்கம் என்ன என்பது வரைக்கும் எழுதுகிறீர்கள். ராம் எந்தக் கம்பனி, எஸ்எஸ்டி எந்தக் கம்பனி, எல்லாம் இருக்கிறது. கடைசி வரியில் மட்டும் 'கேசிங், 500 வாட்ஸ் பவருடன்' என்று முடித்துவிடுகிறீர்கள். யார் செய்த பவர் சப்ளை, என்ன மாடல் என்று கேட்டால், "அது கேசிங்கோட வாறது தம்பி, நல்ல பவர்தான்" என்பதுதான் பதில். கொம்பியூட்டரில் உள்ள மற்ற எல்லாச் சாமானுக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டிக்குப் பெயர் இல்லை, ஆனால் கண்ணாடிக் கதவு போட்டு லைட் அடிக்கிற கேசிங்குக்கு மட்டும் பெயர் இருக்கிறது. இது எனக்கு விளங்கவே இல்லை.

அந்தப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை ஒருக்கால் வடிவாகப் பாருங்கள். 500 என்று பெரிதாக இருக்கும். கீழே சின்ன எழுத்தில் 12 வோல்ட் 16 அம்பியர், 5 வோல்ட் 30 அம்பியர், 3.3 வோல்ட் 28 அம்பியர் என்கிற மாதிரி ஒரு அட்டவணை. 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். இன்றைய கொம்பியூட்டரில் புரொசசரும், திரையில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் காட் என்ற அட்டையும் இழுப்பது பெரும்பாலும் அந்த 12 வோல்ட் வரியில்தான். 2000ஆம் ஆண்டு, பென்டியம் 4 வந்த காலத்தில், இன்டெல் ஏடிஎக்ஸ்12வி என்ற தரத்தைக் கொண்டுவந்து புரொசசருக்கு என்றே நாலு பின் 12 வோல்ட் வயர் ஒன்றைத் தனியாக வைத்தது. அதற்கு முந்திய 5 வோல்ட் காலத்துக் கணக்கில் செய்த பெட்டிதான் புது ஸ்டிக்கர் ஒட்டி இன்னும் வருகிறது.

இந்தப் பெட்டியை நம்பி ஒரு பெடியன் ஐ5 12400எஃப் புரொசசரும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் காட்டும் போடுகிறான் என்று வையுங்கள். புரொசசர் முழு வேகத்தில் 117 வாட் வரைக்கும் போகும், காட் 170 வாட். இந்த இரண்டுமே 12 வோல்ட்டில் 24 அம்பியர் கேட்கும், ஃபேன், டிஸ்க் எல்லாம் வேறு. பெட்டியில் இருப்பதோ 16. இந்தக் காட்டுக்கு 550 வாட் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது, உண்மையான 550 வாட் பெட்டி ஒன்றின் 12 வோல்ட் வரியில் 40 அம்பியருக்கு மேல் எழுதியிருக்கும். அதற்காக எல்லாரையும் வெருட்டி 650, 750 விற்கவும் வேண்டாம். கிராபிக்ஸ் காட் இல்லாமல் படம் காட்டும் வேலையையும் தானே செய்கிற ரைசன் 5600ஜி மாதிரி புரொசசர் ஒன்றைப் போட்டுப் படிக்கிற, டைப் அடிக்கிற மெஷினுக்கு 400, 450 வாட்டில் பொய் சொல்லாத ஒன்று தாராளம்.

கொழும்பில் இருக்கிறவன் மலிவுப் பெட்டி ஒன்றைப் போட்டுச் சமாளிக்கலாம். நம்முடைய லைனை நினைத்துப் பாருங்கள். டிரான்ஸ்ஃபோமர் ஒரு தலைப்பில், வீடு மற்றத் தலைப்பில். பின்னேரம் எல்லா வளவிலும் மோட்டர் போட்டுத் தண்ணீர் இறைக்கத் தொடங்க, 230 வர வேண்டிய இடத்தில் பல்ப் மங்கிப்போய் நிற்கும். பின்பக்கம் சிவப்பு நிற 115/230 சுவிட்ச் உள்ள பெட்டி அந்த நேரத்தில் மெஷினை ரீஸ்டார்ட் பண்ணிவிடும். சுவிட்ச் இல்லாமல், 100 தொடக்கம் 240 வோல்ட் வரைக்கும் என்று எழுதியிருக்கிற, அக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கிற சுற்று) உள்ள பெட்டி இந்தத் தாழ்வைத் தாங்கிக்கொண்டு ஓடும். (அந்தச் சிவப்புச் சுவிட்சைப் பிள்ளைகள் யாராவது 115க்குத் தட்டிவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், வெடிச் சத்தம் கேட்டிருப்பீர்கள்.)

அப்புறம் யூபிஎஸ் கதை. கரண்ட் போகும்போது சாதாரண யூபிஎஸ் பற்றரிக்கு மாற 10 மில்லி செக்கன் வரைக்கும் எடுக்கும். தரமான பவர் சப்ளை, கரண்ட் நின்ற பிறகும் முழுச் சுமையில் 16 மில்லி செக்கன் அளவுக்குத் தன்னிடம் உள்ளதைக் கொண்டு தாக்குப்பிடிக்க வேண்டும், அந்த வேலையைச் செய்வது உள்ளே இருக்கிற பெரிய கப்பாசிட்டர். மலிவுப் பெட்டியில் அதைச் சின்னதாகப் போட்டிருப்பான், யூபிஎஸ் மாறுவதற்குள் மெஷின் நின்றுவிடும். வாடிக்கையாளர் உங்களிடம் வந்து யூபிஎஸ் சரியில்லை என்பார், நீங்களும் பற்றரியை மாற்றுவீர்கள், அல்லது இன்னும் பெரிய யூபிஎஸ் ஒன்றை விற்பீர்கள். கோளாறு இருப்பது கேசிங்குக்குள்.

செத்துப்போன அப்படி ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தால் கதை இன்னும் விளங்கும். கரண்ட் உள்ளே வருகிற இடத்தில் ஃபில்டர் கொயில் பூட்டுவதற்கு பலகையில் இடம் அச்சடித்திருக்கும், கொயில் இருக்காது, அந்த ஓட்டைகளுக்குக் குறுக்கே ஒரு துண்டு வயரை வைத்து ஈயம் ஒற்றியிருப்பான். மிகை வோல்ட்டை உள்வாங்க வேண்டிய எம்ஓவி என்கிற வட்ட வில்லையின் இடமும் வெறுமை. ஃபேனில் சோளகக் காற்று கொண்டுவந்த புழுதி தடிப்பாகப் படிந்திருக்கும், மூலையில் கருகிய பல்லி ஒன்றும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழக்கம் தொடங்குகிற ஊரில் எம்ஓவி இல்லாத பெட்டியை விற்பது அநியாயம். எம்ஓவி இருந்தாலும் கிட்ட விழுகிற மின்னலுக்கு ஒன்றும் நிற்காது, பிளக்கையும் ரவுட்டர் வயரையும் கழற்றி வைப்பதுதான் வழி, அதையும் சாமான் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

எர்த்தையும் சொல்லுங்கள். 'கேசிங்கைத் தொட்டால் சுள் என்று அடிக்குது' என்று வருகிறவருக்கு, செருப்புப் போட்டுக்கொண்டு இருங்கோ என்று பதில் சொன்ன கடையை எனக்குத் தெரியும். எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்கில் போட்டால், ஃபில்டரில் உள்ள சின்னக் கப்பாசிட்டர்களால் லைன் வோல்ட்டில் கிட்டத்தட்டப் பாதி கேசிங்கில் வந்து நிற்கும். அது நல்ல பெட்டியிலும் வரும். வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும், நெருப்புக் கோடையில் நிலம் காய்ந்தால் எர்த்தும் சரியாக வேலை செய்யாது.

80 பிளஸ் ஸ்டிக்கரைக் காட்டி விற்பவர்களுக்கு ஒன்று. அது 2004இல் தொடங்கியது, எத்தனை வீதம் கரண்ட் வீணாகாமல் வெளியே வருகிறது என்பதைத்தான் முக்கியமாக அளக்கிறது, அதுவும் 23 பாகை செல்சியஸ் அறையில். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் ஓடும் மெஷினுக்கு, உள்ளே இருப்பது 105 பாகை வெப்பம் வரைக்கும் தாங்குகிற கப்பாசிட்டரா, 85 பாகை வரைக்குமானதா என்பதும் முக்கியம். வெப்பம் 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். கம்பனிப் பெயரை மட்டும் பார்த்தும் பயனில்லை: கோர்செயர் கம்பனியிலேயே விஎஸ் வரிசை வேறு தரம், ஆர்எம்எக்ஸ் வரிசை வேறு தரம், பின்னதுக்கு அந்தக் கம்பனி 10 வருட வொரண்டி தருகிறது.

திருத்துகிற தம்பிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பவர் சப்ளையின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் தொட்டு, ஃபேன் சுற்றியதும் 'பவர் ஓகே' என்று எழுதிக் கொடுக்காதீர்கள். சுமை இல்லாமல் எந்தப் பெட்டியும் சுற்றும். மெஷினைப் பாரமான வேலை ஒன்றில் ஓடவிட்டு 12 வோல்ட் வருகிற மஞ்சள் வயரில் மீற்றரைப் பிடியுங்கள், 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும். வயர் கழற்றிப் பூட்டுகிற மொடியூலர் வகையை மாற்றும்போது பழைய வயர்களை அப்படியே விட்டுப் புதுப் பெட்டியில் செருகவும் வேண்டாம். பெட்டிப் பக்கத்துப் பின் ஒழுங்குக்கு ஒரு பொதுத் தரம் கிடையாது, தவறினால் ஹாட் டிஸ்க் போய்விடும், அதில் இருந்த கலியாண வீட்டுப் படங்களும் போய்விடும்.

வொரண்டியைப் பற்றி என்ன சொல்வது? ஒரு வருடம் என்றால் 350 நாள் என்கிற கணக்கு பழகிவிட்டது, விடுவோம். ஆனால் பில்லின் அடியில் எரிந்த அடையாளம் இருந்தால் வொரண்டி இல்லை என்று அச்சடிக்கிறீர்கள். பவர் சப்ளை பழுதாகும்போது எரியாமல் வேறு என்ன செய்யும்?

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும்: சனம் விலையைத்தான் பார்க்குது, கூடச் சொன்னால் அடுத்த கடைக்குப் போகுது. உண்மைதான், 2022இல் ரூபாய் விழுந்த பிறகு யாரிடமும் காசு மிச்சம் இல்லை. அதனால்தான் கேட்கிறேன், காசைக் கூட்ட வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகருக்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கும் படிக்க வருகிற பிள்ளைக்கு லைட் கேசிங்கைக் காட்டாமல் வெறும் கறுப்புத் தகரக் கேசிங் ஒன்றைக் கொடுத்து, மிஞ்சுகிற காசைப் பவர் சப்ளையில் போடச் சொல்லுங்கள். அந்தப் பெட்டி நல்லதாக இருந்தால் அடுத்த மெஷினுக்கும் கழற்றிப் பூட்டலாம்.

ஆகவே துண்டின் அந்தக் கடைசி வரியில் கேசிங்கை ஒரு வரியாகவும் பவர் சப்ளையை இன்னொரு வரியாகவும் பிரித்து எழுதுங்கள், கம்பனி, மாடல், 12 வோல்ட்டில் எத்தனை அம்பியர் என்று. கடையில் இரண்டு மாடல் வைத்திருந்தாலே போதும், கிராபிக்ஸ் காட் போடாதவருக்கு ஒன்று, போடுகிறவருக்கு ஒன்று, விலையை முன் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். யார் முதலில் ஒட்டுகிறீர்களோ, என்னிடம் துண்டோடு வருகிற பெடியளை அந்தக் கடைக்கே அனுப்புகிறேன், கமிஷன் ஒன்றும் வேண்டாம்.