பரபக்கம் முதலில்

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்பு மகளுக்கு,

அமெரிக்காவில் மெய்யியல் கலாநிதிப் (பிஎச்.டி) படிப்புக்குப் போட நீ எழுதிய கட்டுரை, 30 பக்கமும், வந்தது. போனில் வாசிக்க என் கண் விடாது என்று அப்பா காலி வீதியில் ஒரு கடையில் பிரின்ட் எடுத்து வந்தார். இரண்டு தரம் வாசித்தேன்.

மொழி நன்றாக இருக்கிறது. நீ மறுக்கிற ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் ஹியூம்தான் பாவம். ஒன்றுக்குப் பின் ஒன்று நடப்பதைக் காண்கிறோமே தவிர, ஒன்று மற்றதை நடத்துவதைக் காண்பதில்லை என்று எவ்வளவு பெரிய குண்டைப் போட்ட மனிதர்! அவரை 12ஆம் பக்கத்தில் கூப்பிட்டு 13ஆம் பக்கத்தில் தோற்கடித்து அனுப்பிவிட்டாய். உயர்தர வகுப்புக்கு அளவையியல் (தர்க்கம்) படிப்பித்த காலத்தில் இதற்கு நான் புள்ளி குறைத்திருப்பேன்.

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரை எடுத்துப் பார். தன் கட்சியைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் அருணந்தி சிவாச்சாரியார் மற்றவர் கட்சியைச் சொல்லி மறுக்கிற பரபக்கம் ஒன்றை முழுசாக வைத்திருக்கிறார். அதில் 14 மதத்தார். முதலில் வருகிறவன் உலோகாயதன், பொருள்முதல்வாதி. காட்சி ஒன்றே அளவை, புலனால் காண்பதே அறிவதற்கு வழி என்று தன் வழக்கைத் தானே பேசுகிறான். வாசிக்கும்போது, 'சரியாகத்தானே சொல்கிறான்' என்று எனக்கே தோன்றியதுண்டு. (அம்மம்மாவுக்கு இது தெரிய வேண்டாம்.) அதற்குப் பிறகுதான் மறுப்பு. உன் ஹியூமுக்கும் அந்த இடத்தைக் கொடு. அவர் பக்கத்து ஆள் வாசித்தாலும் தலையாட்ட வேண்டும்.

விண்ணப்பப் படிவங்களுக்கு இப்போது அவசரமில்லை. அமெரிக்காவில் முடிவு நாள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரிதான். அங்கே ஆள் எடுக்கிற பேராசிரியர்கள் உற்று வாசிப்பது விண்ணப்பத்தோடு போகிற இந்தக் கட்டுரையைத்தான். பல இடங்களில் 20 பக்கமே போதும். கிரேக்கரிலிருந்து தொடங்குகிறாயே, அந்த 6 பக்கத்தையும் வெட்டு. பிறகு உன் விரிவுரையாளரிடம் கொடு. சிபாரிசுக் கடிதம் கேட்குமுன் அவர் இதோடு ஒரு தரமாவது சண்டை பிடித்திருக்க வேண்டும். உன் பெயரும் புள்ளியும் மட்டும் தெரிந்தவர் என்னத்தை எழுதுவார்?

காசு விஷயம். கலாநிதிப் படிப்புக்கு உதவித்தொகை தருகிற இடங்களுக்கு மட்டும் போடு. அதோடு பெரும்பாலும் கற்பிக்கிற வேலையும் சேர்ந்து வரும். கடன் வாங்கி முதுமாணி (எம்.ஏ.) படிப்பது வேண்டாம், அதில் நான் அசைய மாட்டேன். அப்பா இன்னும் பெரியம்மாவிடம் நீ பொருளியல் படிப்பதாகத்தான் சொல்லி வைத்திருக்கிறார். சரி, விடு.

18ஆம் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். பிழை என்று இல்லை, எனக்கு விளங்கவில்லை. சனிக்கிழமை பேராதனையில் ரயிலேறினால் யோசித்துக்கொண்டு வா.

அம்மா