கதவு திறந்த பிறகு என்ன நடந்தது?

மதிப்பிற்குரிய பட்டமளிப்பு விழாக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை பட்டம் பெற்றவர்களில் நானும் ஒருத்தி. அன்று மேடையில் நடந்ததை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. துண்டுச் சீட்டை எழுதி அனுப்பியவரே உங்களில் ஒருவர்தான். ஆனால் அந்தச் சீட்டு உரையின் எந்த இடத்தில் போய் விழுந்தது என்பதை நீங்கள் கவனித்தீர்களா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

சிறப்பு விருந்தினர் அம்மையார் எழுந்தபோது, மறைக்காமல் சொல்கிறேன், எங்கள் வரிசையில் பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கனவு காணுங்கள், விடாமல் உழையுங்கள் என்பதையெல்லாம் பள்ளிக் காலம் முதல் கேட்டுக் காது பழுத்தவர்கள் நாங்கள். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. முதல் வேலையில் தாம் ஓர் அளவைத் தவறாகக் குறித்துவிட்டதைச் சொன்னார். அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது, பாராட்டும் வந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து ஓர் இரவு பழைய குறிப்பேட்டைப் புரட்டும்போது தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்திருப்பது கண்ணில் படுகிறது. வேறு யாருக்கும் அது தெரியாது. அவர் வாயைத் திறக்காவிட்டால் தெரியப்போவதும் இல்லை. விடிந்ததும் குறிப்பேட்டோடு மேலதிகாரியின் அறை வாசலில் போய் நிற்கிறார். "மூன்று முறை கையை உயர்த்தினேன், மூன்று முறையும் தட்டாமல் இறக்கிவிட்டேன். நான்காவது முறை தட்டினேன். கதவு திறந்தது" என்றார்.

அப்போதுதான் சீட்டு வந்தது.

அதைப் படித்தார், சிரித்தார். "நேரமாகிவிட்டதாம். எல்லோருக்கும் என் வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தொகுப்பாளர் உடனே ஒலிவாங்கியைப் பிடித்து "நிறைவான உரை" என்று நன்றி சொன்னார். நிறைவான உரையாம்!

என் கோரிக்கை ஒன்றுதான். அவர் எழுதிக் கொண்டுவந்திருந்த உரையை முழுமையாக எங்களுக்குத் தாருங்கள்.

நேரமில்லை என்பது உங்கள் பதிலாக இருக்கும். நேரம் எங்கே போனது என்பதை நான் கணக்கெடுத்து வைத்திருக்கிறேன். மேடையில் இருந்த அதே ஏழு பேரை மூன்று பேர் தனித்தனியாக வரவேற்றார்கள். ஆண்டறிக்கை 40 நிமிடம். அதில் வாகன நிறுத்துமிடத்தின் பரப்பளவும் இருந்தது. நினைவுப் பரிசு கொடுத்தவர்களுக்கும் நினைவுப் பரிசு கொடுத்தீர்கள். அம்மையாருக்குக் கிடைத்தது 11 நிமிடம். 2005இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஏறத்தாழ 15 நிமிடம்தான் பேசினார். கல்லூரிப் படிப்பை முடிக்காத அவர், மூன்று கதைகள் சொல்லப்போவதாக அறிவித்துவிட்டு மூன்றையும் சொல்லி முடித்தார். யாரும் நடுவில் சீட்டு நீட்டவில்லை. 1947இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளில் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல், போரில் சிதைந்த ஐரோப்பாவின் மறுசீரமைப்பைப் பற்றிப் பேசியதும் கால் மணி நேரத்துக்குள்தான். ஒரு கண்டத்தைத் தூக்கி நிறுத்தும் திட்டத்துக்கு அவ்வளவு போதுமாக இருந்தது. நம் வரவேற்புரைகளுக்குப் போதவில்லை.

என் அம்மாவுக்கு அரங்கில் இடம் கிடைக்கவில்லை. ஒரு பட்டதாரிக்கு ஓர் அனுமதிச் சீட்டு என்ற உங்கள் விதிப்படி அப்பா உள்ளே வந்தார்; அம்மா பக்கத்துக் கூடத்தில் திரையில் பார்த்தார். அந்தத் திரையில் ஒலி விட்டுவிட்டு வந்ததாம். ஆகவே, என்னிடம் பாதிக் கதை இருக்கிறது, அம்மாவிடம் அதிலும் பாதி. ஒரு வாரமாகக் காலையில் எழுந்ததும் "அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டு என்ன சொன்னார்கள்? வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களா?" என்று கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை அம்மா என்று சொல்கிறேன். நான்கு வருடம் படிக்கவைத்தவரிடம், பட்டம் வாங்கிய கையோடு நான் சொல்லும் பதில் அது.

எனக்கும் அந்தப் பதில் வேண்டும். அடுத்த மாதம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்கிறேன். அங்கே நான் எழுதும் எண்ணை நம்பி ஒரு மருத்துவர் மருந்தின் அளவைத் தீர்மானிப்பார். தவறு செய்யாமல் இருப்பது எப்படி என்று எல்லாப் பாடத்திலும் சொல்லிக்கொடுத்தீர்கள். செய்துவிட்ட பிறகு யார் வாசலில் போய் நிற்பது, முதல் வாக்கியமாக எதைச் சொல்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. இறுதியாண்டுத் திட்டப்பணியின்போது நானும் அப்படி ஒரு கதவின் முன் நின்றேன். தட்டாமல் திரும்பிவிட்டேன். அதை இங்கே விரித்துச் சொல்லப்போவதில்லை. அரங்கில் கைப்பேசியை நான் ஏன் கீழே வைத்தேன் என்பது புரிந்தால் போதும்.

உரையின் நகலைக் கேட்டு ஏற்கெனவே பதிவாளர் அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன். "ஆவன செய்யப்படும்" என்று ஒரு பதில் வந்தது. அதே வாரத்தில் விழாப் புகைப்படங்களை விலைக்கு வாங்கச் சொல்லி நான்கு செய்திகள், இருக்கை வசதிக்கு மதிப்பெண் போடச் சொல்லி ஒரு படிவம், முன்னாள் மாணவர் நிதிக்கு நன்கொடை கேட்டு ஒரு மடல். வேலையில் சேர்வதற்குள் நன்கொடை! சான்றிதழில் என் தந்தை பெயரில் ஓர் எழுத்தை விழுங்கியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்ல வந்தேன். அது வேறு வரிசை, வேறு படிவம், வேறு கட்டணம் என்று தெரியும். இந்த மடலில் அதைக் கேட்கவில்லை. மன்னிக்கவும், பேச்சு திசைமாறிவிட்டது.

உரையை நீங்கள் தராததால் என்ன நடக்கிறது தெரியுமா? எங்கள் வகுப்புக் குழுவில் இப்போது நான்கு முடிவுகள் உலவுகின்றன. மேலதிகாரி குறிப்பேட்டைக் கிழித்தார் என்கிறது ஒன்று. அதே தவறைத் தானும் செய்ததாகச் சொல்லி அழுதார் என்கிறது இன்னொன்று. 1997இல் மேரி ஷ்மிக் என்ற பத்திரிகையாளர் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழில் எழுதிய பத்தி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் எழுத்தாளர் கர்ட் வானகட் ஆற்றிய உரை என்று மின்னஞ்சலில் உலகம் சுற்றியது. அந்த ஆண்டு அங்கே பேசியவர் அன்றைய ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான். உரை நிகழ்ந்த இடத்திலிருந்து அதன் எழுத்து வடிவம் வராவிட்டால் எங்களுக்கும் அதுதான் நடக்கும். அம்மையார் சொல்லாத ஒன்றை அவர் பெயரில் நாங்கள் பத்து வருடம் சொல்லிக்கொண்டிருப்போம்.

எனவே மீண்டும் பணிவோடு கேட்கிறேன். உரையின் முழு வடிவத்தைத் தாருங்கள். அச்சிட்டுத் தர வேண்டாம், அட்டை வேண்டாம், துணைவேந்தரின் அணிந்துரையும் வேண்டாம். அவர் கையில் வைத்திருந்த தாள்களின் நகல் போதும். அவை உங்களிடம் இல்லையென்றால், அம்மையாரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். அதற்கும் நேரமில்லையென்றால், என் கடிதத்தையாவது அவருக்கு அனுப்பிவையுங்கள், நானே கேட்டுக்கொள்கிறேன்.

வாடகை அங்கியைத் திருப்பித் தர வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று மூன்று முறை நினைவூட்டியிருக்கிறீர்கள். வியாழக்கிழமை காலை அம்மாவோடு வருகிறேன். அங்கி வாங்கும் கவுண்டரிலேயே நகலைக் கொடுத்துவைத்தால் இருவரும் அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போவோம்.

பணிவன்புடன்,
இவ்வாண்டுப் பட்டதாரி ஒருத்தி