சந்தாப் புத்தகமும் பதினோராம் மணியும்: எங்கள் சபைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயாவுக்கும், சபைக் குழு அண்ணன்மார், அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

நல்லடக்க நிதிக்கு இந்த வருடம் சேர்த்த விதியைப் பற்றித்தான் எழுதுகிறேன். மூன்று வருடம் விடாமல் சந்தா கட்டியவர்கள் வீட்டுச் சாவுக்கு மட்டுமே உதவி என்கிறது அது. போன மாதம் அதை முதல் தடவையாக ஒரு குடும்பத்திடம் காட்டினோம். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தை உடைத்த பிறகு, நம் பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டில் வாடகை வீடு பிடித்து வந்தவர்கள். அப்பாவுக்குக் காண்ட்ராக்டில் செம்பனை (எண்ணெய்ப்பனை) பழம் ஏற்றும் வேலை; வேலைக்குப் போன நாளுக்குத்தான் கூலி. அவர் இறந்த அன்று மகன் ஆலயத்துக்கு வந்தான். சந்தாப் புத்தகத்தில் பெயருக்கு நேரே விரல் ஓடியது. "தம்பி, பதினான்கு மாதம்தான் கட்டியிருக்கிறீர்கள்." அவன் "சரிங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பெட்டிக்கும் வண்டிக்கும் வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் கடன் வாங்கினார்கள் என்று பிறகு தெரிந்தது.

மத்தேயு 20-ஆம் அதிகாரத்தை ஓய்வுநாள் பள்ளியில் நடத்தும்போதெல்லாம் ஒரு பிள்ளையாவது, "டீச்சர், இது நியாயமே இல்லை" என்று சொல்லும். திராட்சத்தோட்டத்து எஜமான் ஒருவன் கூலியாட்களை அமர்த்துகிற உவமை அது. விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம், சாயங்காலம் ஐந்து மணிக்கு, அதாவது பதினோராம் மணி வேளையில், வந்தவனுக்கும் ஒரு பணம். கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தக் கடைசி ஆட்களிடம் "ஏன் சும்மா நிற்கிறீர்கள்?" என்று எஜமான் கேட்டபோது, "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்றார்கள். சோம்பேறிகளாக இருந்தால் அந்த நேரம்வரை சந்தையில் நின்றிருப்பார்களா? தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் கூப்பிடாமல் விடப்பட்டவர்கள் எப்படித் திரும்பி நடந்தார்கள் என்று நம் அம்மா அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மழை பெய்தால் ரப்பர் பால் வெட்டு இல்லை, அன்றைக்குக் கூலியும் இல்லை. ஆனால் வயிறு அதற்காகக் காத்திருக்காது. ஒரு பணம் என்பது அந்தக் காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். பாதியாகக் கொடுத்தால் அன்றிரவு அந்த வீட்டில் யாரோ ஒருவர் சாப்பிடாமல் படுத்திருப்பார்.

இந்த உவமையை ஆண்டவர் யாருக்குச் சொன்னார் என்பதையும் தயவுசெய்து பாருங்கள். அதற்கு முந்தின அதிகாரத்தில் பேதுரு, "எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்கிறார். முதலிலிருந்தே கூட இருந்தவரின் கேள்வி அது. அதற்குப் பதிலின் ஒரு பகுதியாகத்தான் இந்தக் கதை வருகிறது. எஜமான் கடைசி ஆளிலிருந்து கூலி கொடுக்கச் சொல்கிறான். முதலில் வந்தவர்கள் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

நீங்களும் முதலில் வந்தவர்கள்தான். தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்து இந்த ஆலயத்துக்குச் செங்கல் வாங்கிக் கொடுத்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். பல வருடம் கட்டியவர்களும் புதிதாக வந்தவர்களும் ஒன்றா என்ற உங்கள் வருத்தத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. முறுமுறுத்தவனை அந்த எஜமானும் விரட்டவில்லை, "சிநேகிதனே" என்றுதான் கூப்பிட்டான். பேசின கூலியில் ஒரு காசும் குறைக்கவில்லை. அதுபோல உங்கள் வீட்டுக்குச் சேர வேண்டியதில் நாளைக்கும் எதுவும் குறையாது.

சிலுவையில் ஆண்டவர் பக்கத்தில் தொங்கிய கள்ளனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் என்ன சந்தா கட்டினான்? "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு அவனுக்குத்தான் கிடைத்தது.

நிதி வற்றிவிடும் என்ற பயம் நியாயமானதே. அதற்கு அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கலாம், சந்தாவைக் கொஞ்சம் ஏற்றலாம். நானும் கூடுதலாகக் கட்டத் தயார். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களிடமும் பேசுகிறேன்.

அடுத்த கூட்டத்தில் அந்த மூன்று வருட விதியை எடுத்துவிடுங்கள். அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்காமல் விட்டதை அதுவரை வைத்திருக்காமல் இந்த வாரமே கொடுங்கள். போதகர் ஐயா நேரில் கொண்டுபோனால் அந்தத் தம்பி வாங்கிக்கொள்வான். ஆலோங் வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவர்,
சுங்கை சிப்புட்