சுகர் மேன் கதையில் விடுபட்ட ஆஸ்திரேலியா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ராக் இசைக்கலைஞர்களைப் பற்றிய ஆவணப்படங்கள் குறித்து ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்துக்கு நம் பத்திரிகைகளில் ஒரு முழுப் பக்கம் கிடைப்பதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அமெரிக்கப் பாடகர் ரொட்ரிகஸைப் பற்றி வந்த பத்தியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அவரைப் பற்றிய 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' ஆவணப்படம் சொன்னதையே அவருடைய முழு வாழ்க்கை என்று எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள்.

படம் சொல்லும் கதை இதுதான். மெக்சிகோவிலிருந்து டெட்ராய்ட்டுக்கு வந்த குடும்பத்தில் ஆறாவது பிள்ளை, அதனாலேயே சிக்ஸ்டோ என்று பெயர். 1970-லும் 1971-லும் இரண்டு ஆல்பம் போட்டார், அமெரிக்காவில் யாரும் வாங்கவில்லை, கம்பெனி கைகழுவிவிட்டது, அவர் பழைய வீடுகளை இடிக்கிற வேலைக்குப் போய்விட்டார். அவருக்கே தெரியாமல் அந்தப் பாட்டுகள் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசின் கெடுபிடிக்கு நடுவே கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பரவின. மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார் என்று அங்கே வதந்தி. கடைசியில் 1997-ல் ரசிகர்கள் அவரைத் தேடிப் பிடித்தார்கள், 1998-ல் கேப்டவுனில் மேடை ஏறினார். அந்தக் காட்சியில் நானும் அழுதேன், எத்தனை முறை பார்த்தாலும் அழுவேன்.

சரி, ஆஸ்திரேலியா எங்கே போனது? எழுபதுகளிலேயே அங்கே அவர் பாட்டுகளுக்கு நல்ல கூட்டம் இருந்தது. 1979-ல் அவரை நேரில் வரவழைத்துப் பாட வைத்தார்கள். 1981-ல் மறுபடி போனார், மிட்நைட் ஆயில் என்ற அந்த நாட்டு ராக் குழுவோடு சேர்ந்து. முதல் பயணத்தில் பதிவு செய்த கச்சேரி தனி ஆல்பமாகவே வந்தது, அதன் பெயர் 'ரொட்ரிகஸ் அலைவ்', அதாவது ரொட்ரிகஸ் உயிரோடு இருக்கிறார். இதில் ஒரு வரிகூடப் படத்தில் கிடையாது. எழுபதுகளின் தொடக்கத்தில் மறைந்துபோன மனிதர் நேராக 1998-ல்தான் பெரிய கூட்டத்தைப் பார்த்தார் என்று நாம் நம்பினால்தானே அந்தக் கேப்டவுன் காட்சி அப்படி உலுக்கும்! தேடல் தென்னாப்பிரிக்கர்களுடையது, அவர்கள் பார்வையில்தான் படம் என்று சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. ஒருவர் உழைத்து வாங்கிய கைத்தட்டலை, கதைக்கு இடைஞ்சல் என்று எடுத்துவிட யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொன்று பணம். தென்னாப்பிரிக்காவில் அத்தனை ரெக்கார்டு விற்றதே, ராயல்டி, அதாவது விற்பனையில் பாடகருக்குச் சேர வேண்டிய பங்கு, யாருக்குப் போனது என்று பழைய கம்பெனியின் முதலாளியிடம் கேமரா முன்னால் கேட்கிறார்கள், அவர் எரிந்து விழுகிறார், அதோடு படம் வேறு பக்கம் போய்விடுகிறது. எனக்கு அந்த இடத்தில்தான் உண்மையான படம் ஆரம்பித்திருக்க வேண்டும் என்று தோன்றியது. படம் 2013-ல் ஆஸ்கர் வாங்கியது, பாட்டுகளின் உரிமையும் ராயல்டியும் பற்றிய வழக்கு அதற்குப் பிறகுதான் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது.

படத்தை வெறுத்து இதை எழுதவில்லை. அது வராமல் இருந்திருந்தால் எழுபது வயதில் அவருக்கு அவ்வளவு பெரிய அரங்குகள் கிடைத்திருக்காது, நானும் அவர் பாட்டைக் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் அவர் 2023 ஆகஸ்டில் இறந்தபோதும் பல இடங்களில் படத்தின் கதையைத்தான் அஞ்சலியாக எழுதினார்கள். வேலை செய்துகொண்டே படித்துத் தத்துவத்தில் பட்டம் வாங்கியவர், டெட்ராய்ட் நகரசபைத் தேர்தலில் நின்றவர், அப்புறம் இரண்டு முறை ஆஸ்திரேலியா போய்ப் பாடியவர் என்று உங்கள் பக்கத்திலாவது வரட்டும். அடுத்த வாரம் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டாலே போதும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சி