பூ வரும்வரை வெட்டாதே

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடத்தில் பப்பாளி வைக்கப் போவதாகவும், சாப்பிட்ட பழத்தின் விதையைக் காயவைத்திருப்பதாகவும் சொன்னாய். போனில் சொன்னால் அளவெல்லாம் மறந்துபோகும். இதை எடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்.

முதலில் ஒரு கேள்வி. விதை எடுத்த பழம் நீளமா, உருண்டையா? பப்பாளியில் ஆண், பெண், இருபால் என்று மூன்று வகை மரம் உண்டு. ஆண் மரம் காய்க்காது. பெண் மரத்துக்குப் பக்கத்தில் மகரந்தம் வேண்டும், இல்லாவிட்டால் பிஞ்சு பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இருபால் மரம் தனியாக நின்றே காய்க்கும். கடையில் விற்கிற நீளமான பழம் பெரும்பாலும் இருபால் மரத்தில் விளைந்தது. அதன் விதையில் மூன்றுக்கு இரண்டு இருபாலாகவும் ஒன்று பெண்ணாகவும் வரும். தோட்டத்தில் ஆண் மரத்தின் மகரந்தம் கலந்திருந்தால் ஒழிய ஆண் வராது. உருண்டைப் பழம் பெண் மரத்தில் காய்த்தது. எந்த மரத்து மகரந்தம் விழுந்தது என்று நமக்குத் தெரியாது. ஆண் மரத்தினுடையது என்றால் முளைப்பதில் பாதி ஆணாகவே போகும். ஆகையால் உருண்டைப் பழத்து விதை என்றால் அதை விட்டுவிடு.

இன்னொன்று. இப்போது கடைக்கு வரும் சிவப்புச் சதைப் பழங்களில் பெரும்பாலானவை ரெட் லேடி, அது கலப்பின ரகம். அதன் விதை முளைக்கும், காய்க்கும். ஆனால் தாய்ப் பழத்தின் அளவும் இனிப்பும் அப்படியே வராது, மரத்துக்கு மரம் மாறும். ஒன்றிரண்டு மரம் வைக்கிற வீட்டுக்கு விதைப் பொட்டலம் வாங்குவதுதான் என் யோசனை. ரெட் லேடி வாங்கலாம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 7 கிடைத்தால் இன்னும் நல்லது. அதுவும் சிவப்புச் சதைதான், ஆண் மரம் வராது. கோ 2, கோ 6 இரண்டும் ஆண், பெண் தனித்தனியாக வரும் ரகங்கள். பதினைந்து இருபது பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் என்று விட்டு வளர்க்கும் தோப்புக்காரர்களுக்குச் சரி, உனக்குத் தோதுப்படாது.

பழத்திலிருந்துதான் எடுப்பேன் என்றால் விதையைச் சுத்தம் செய்வதில் சோம்பல் படாதே. ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வழவழவென்று ஒரு உறை இருக்கும். முளைப்பைத் தடுக்கும் பொருள் அதில்தான் இருக்கிறது. அப்படியே விதைத்தால் சில விதை மாதக்கணக்கில் கிடக்கும், சிலது பூஞ்சணம் பிடித்து அழுகும். விதையை ஒரு கைப்பிடி அடுப்புச் சாம்பலோடு சேர்த்துப் பிசைந்து தேய். சாம்பல் இல்லாவிட்டால் டீ வடிகட்டியில் போட்டு விரலால் தேய்த்தால் உறை கழன்றுவிடும். பிறகு தண்ணீரில் அலசி, மிதப்பதைக் கொட்டிவிட்டு முழுகுவதை மட்டும் எடு. உடனே விதைப்பதுதான் உத்தமம். வைத்திருக்க வேண்டுமென்றால் நிழலில் உலர்த்து, வெயில் கூடாது. நீ உறையோடு காயவைத்திருந்தால் ஒரு நாள் ஊறப்போட்டு, மறுநாள் தேய்த்துக் கழுவினால் போதும். விதைப்பதற்கு முன் எந்த விதையானாலும் 24 மணி நேரம் ஊறட்டும், நடுவில் ஒரு முறை தண்ணீரை மாற்று.

தை பிறக்கும்போது விதை. பல்கலைக்கழகம் ஜூன் முதல் செப்டம்பர் வரை நடச் சொல்லும். ஆனால் உங்கள் செங்கல்பட்டுப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கிற மழையை நினைத்துப் பார். ஆவணியில் நட்ட கன்று வேர் பிடித்து நிமிர்வதற்குள் மழையில் மாட்டிக்கொள்ளும். மாசி கடைசியில் நட்டால் மழை வருவதற்குள் மரம் ஆளுயரம் தாண்டிவிடும். கோடையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை கூடும், அது உன் கையில் இருக்கிறது. மழை யார் கையிலும் இல்லை.

செம்மண், மணல், நன்றாக மக்கிய தொழு உரம் மூன்றும் சம அளவு கலந்துகொள். 20 சென்டிமீட்டர் உயரம், 10 சென்டிமீட்டர் அகலமுள்ள நாற்றுப் பையின் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு நிரப்பு. பைக்கு மூன்று விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழம். முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், குளிர் இருந்தால் இன்னும் தள்ளும். பத்தாம் நாளே கிளறிப் பார்க்காதே. பூவாளியால் மண் ஈரமாகும் அளவுக்கு மட்டும் தெளி. நாற்றுகள் தரையோடு ஒட்டிய இடத்தில் மெலிந்து, கறுத்து, சாய்ந்து விழுந்தால் அது நாற்றழுகல். அதிக ஈரமும் காற்றோட்டக் குறைவும்தான் காரணம். கலவையில் கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத் தூள் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் வராது. முளைத்ததும் காலை வெயில் படும் இடத்தில் வை. நிழலிலேயே இருந்தால் நூல் மாதிரி நீண்டு போய்விடும், அப்படிப்பட்ட நாற்று நட்டபின் தேறாது. பைக்கு ஒரு நாற்று மட்டும் விட்டு, மற்றதைக் கத்தரியால் நறுக்கிவிடு. 45 முதல் 60 நாளில் நடலாம்.

குழி வெட்டும் முன் மண்ணைச் சோதி. மாப்பிள்ளையிடம் சொல்லி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் ஒரு குழி வெட்டச் சொல். அதில் தண்ணீர் நிரப்பிவிட்டு மறுநாள் காலையில் பார். வற்றியிருந்தால் அந்தக் குழியிலேயே நடலாம். தண்ணீர் நின்றால் குழியே வேண்டாம், மண்ணைக் கூட்டி நாலடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு போட்டு மேட்டின் மேல் நடு. பப்பாளி வேருக்குக் காற்று தேவை. இரண்டு நாள் தண்ணீர் தேங்கினால் போதும், வேர் மூச்சு முட்டி அழுகத் தொடங்கும். இலை மஞ்சளாகித் தொங்கும். அதைப் பார்த்து வாடுகிறது என்று இன்னும் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம், மரம் அதோடு முடிந்தது. சுற்றுச்சுவரிலிருந்து நாலடியாவது தள்ளி, நாள் முழுக்க வெயில் விழுகிற இடமாகப் பார். குழிக்குக் குழி ஆறடி.

ஒரு குழிக்குப் பத்து கிலோ மக்கிய தொழு உரம், கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு. மேல்மண்ணோடு கலந்து நிரப்பி, ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆறப்போடு. பிறகு ஒரே குழியில் மூன்று கன்று, ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில் முக்கோணமாக, சாயங்காலத்தில் நடு. பையைப் பிளேடால் கீறி எடு, மண் கட்டி உடையக் கூடாது. ஆணிவேர் அறுந்தால் கன்று பிழைத்தாலும் சுணங்கும். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில்தான் தரையிலும் இருக்க வேண்டும். தண்டை மண்ணில் புதைத்தால் அடித்தண்டு அழுகும். தண்ணீரையும் தண்டில் படாமல், ஒரு முழம் தள்ளி வட்டமாகப் பாத்தி கட்டி அதில் விடு.

மூன்றும் வளரட்டும். இடம் நெருக்கமாக இருக்கிறதே என்று நடுவில் ஒன்றைப் பிடுங்கிவிடாதே. பப்பாளி பூக்கும்வரை எது இருபால், எது பெண் என்று இலையைப் பார்த்தோ தண்டைப் பார்த்தோ யாராலும் சொல்ல முடியாது. விதையைத் தலைகீழாக நட்டால் பெண் வரும், ஆணிவேரை நறுக்கினால் பெண் வரும் என்று பக்கத்து வீட்டில் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடு. அது விதை உருவாகும்போதே முடிவாகிவிட்ட விஷயம்.

நட்ட நாலைந்து மாதத்தில் மொட்டு வரும். நீளமான காம்பில் கொத்துக் கொத்தாகச் சின்னப் பூக்கள் தொங்கினால் ஆண். தண்டை ஒட்டி, குட்டைக் காம்பில், அடி பருத்த பெரிய மொட்டு இருந்தால் பெண். ஒரு பூவைப் பிரித்துப் பார், நடுவில் பிஞ்சு மட்டும் இருக்கும், மகரந்தப் பை இருக்காது. இருபால் பூ அதைவிடக் கொஞ்சம் ஒடுங்கி நீளமாக இருக்கும், உள்ளே பிஞ்சும் இருக்கும், அதைச் சுற்றி மஞ்சள் மகரந்தப் பைகளும் இருக்கும். இருபாலில் தடித்த தண்டுள்ள ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தரை மட்டத்தில் வெட்டு. பிடுங்கினால் பின்னிக் கிடக்கிற வேர் அறுந்து, வைத்திருக்கிற மரமும் ஆடிப்போகும். கடும் வெயிலில் இருபால் மரத்தில் பிஞ்சில்லாத பூவாக வந்து உதிரும். அது சூட்டால் வருவது, வெயில் தணிந்ததும் சரியாகிவிடும். ஆண் மரம் என்று நினைத்து வெட்டிவிடாதே.

உரத்தைக் கன்று நட்ட மூன்றாம் மாதத்திலிருந்து போடு. தோப்புக்கான பரிந்துரை, மரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தழை, மணி, சாம்பல் சத்து ஒவ்வொன்றும் 50 கிராம். கணக்குப் போட்டால் யூரியா 110 கிராம், சூப்பர் பாஸ்பேட் 310 கிராம், பொட்டாஷ் 85 கிராம் சுமாராக வரும். வீட்டு மரத்துக்கு அதில் பாதியும் ஐந்து கிலோ தொழு உரமும் போதும் என்பேன். தண்டிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாகத் தூவி, கிளறி, தண்ணீர் விடு. யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டால் இலை தழைக்கும், பழம் சப்பென்று இருக்கும். காய் மேடும் பள்ளமுமாக முண்டு முண்டாக வந்தால் போரான் என்ற நுண்சத்து குறைவு. அதற்கு நாலாம் மாதமும் எட்டாம் மாதமும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் போரிக் அமிலமும் ஐந்து கிராம் துத்தநாக சல்பேட்டும் கரைத்து இலையில் தெளி.

பிஞ்சு நெருக்கியடித்துக் காய்த்தால் எலுமிச்சை அளவிலேயே கோணலானதைக் கிள்ளி, இலைக் கணுவுக்கு ஒன்று விடு.

வெள்ளை மாவுப்பூச்சி வந்தால் பதறி மருந்துக் கடைக்குப் போகாதே. அந்தப் பூச்சி 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் அழித்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும், அதன் பிறகுதான் பூச்சி அடங்கியது. நீ கடும் மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவு. எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள், மாவுப்பூச்சிக்குக் காவல் அதுதான்.

வைரஸ் நோய்க்கு மட்டும் இரக்கம் காட்டாதே. குருத்து இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகி, ஒடுங்கி நூல் மாதிரி ஆகும். காம்பில் எண்ணெய் பட்ட மாதிரிக் கீற்று, காயில் வளையம் வளையமாகத் தடம் தெரியும். அது வளையப்புள்ளி நோய். மருந்து கிடையாது. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஒரு மரத்தில் குத்திவிட்டு அடுத்ததில் குத்தும் அந்தக் கொஞ்ச நேரத்திலேயே பரவிவிடும். அன்றைக்கே வேரோடு எடுத்துவிடு. பூசணி, வெள்ளரிக் கொடியிலும் இந்த வைரஸ் இருக்கும், அதனால் பப்பாளிக்குப் பக்கத்தில் அவற்றைப் போடாதே. விதை வழியாக இது வராது.

பூத்ததிலிருந்து பழுக்க ஏறக்குறைய ஐந்து மாதம். நுனியில் மஞ்சள் கீற்று தெரிந்ததும், கீறினால் பால் கெட்டியாக இல்லாமல் தண்ணீராக வந்தால் காம்போடு பறித்து வெளியே வை, மூன்று நாலு நாளில் பழுக்கும். மரத்திலேயே முழுக்கப் பழுக்க விட்டால் அணிலுக்கும் வௌவாலுக்கும்தான்.

புயல் எச்சரிக்கை வந்தால் முற்றிய காயையெல்லாம் இறக்கிவிடு, அடி இலைகளைக் கழித்துவிடு. இரண்டு பக்கமும் மூங்கில் ஊன்றி, பழைய சேலைத் துணியால் தளர்வாகக் கட்டு. கம்பியோ நைலான் கயிறோ தண்டை அறுத்துவிடும். மேட்டைச் சுற்றி வடிகால் வெட்டி வைப்பதை ஐப்பசிக்கு முன்பே முடி.

மரம் இரண்டரை, மூன்று வருஷம் நன்றாகக் காய்க்கும். அடுத்த கன்றை இரண்டாம் வருஷமே வேறு இடத்தில் வைத்துவிடு, அதே குழியில் வேண்டாம்.

பூ வந்ததும் மூன்று கன்றின் பூவையும் பிரித்துவைத்துப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா